இஸகாயாவில் முதல் மாலை: படப்பையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

படப்பையில் அறை எடுத்துத் தங்கி ஒரகடத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஜப்பான் ஒன்றும் தூரத்து நாடு அல்ல. கைஸன், கன்பான், 5எஸ் எல்லாம் பயிற்சி வாரத்திலேயே பழகிவிடும். நிஸான் கார், கொமாட்சு இயந்திரம், வல்லம் வடகாலில் இருந்து வரும் யமஹா பைக் என்று ஜப்பானியப் பொருள்களோடுதான் பகல் முழுவதும் கழிகிறது. ஆனால் அந்த நாட்டுப் பொறியாளர்கள் வேலை முடிந்து மாலையில் எங்கே போய் உட்காருகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். வாசலில் புரியாத எழுத்தில் பெயர்ப்பலகை. உள்ளே என்ன விலை என்று தெரியாது. என்ன கேட்பது, எவ்வளவு கேட்பது, குச்சியை எப்படிப் பிடிப்பது என்ற தயக்கம். கதவுவரை போய்த் திரும்பிவிடுகிறோம்.

இந்த முறை உள்ளே போவோம். கிளம்புவதில் தொடங்கி வீடு திரும்புவதுவரை ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

## இஸகாயா என்றால் என்ன?

ஜப்பானில் எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரையிலான காலத்தில், மதுக்கடைக்கு வந்தவர்கள் அங்கேயே நின்று குடிக்கத் தொடங்கினார்கள். கூடவே கொறிக்க ஏதாவது கொடுத்தார் கடைக்காரர். மெல்ல மெல்லச் சமையல் வளர்ந்து, அதுவே ஒரு தனி உணவக வகையாகிவிட்டது. வாசலில் தொங்கும் சிவப்புக் காகித விளக்குதான் அதன் பழைய அடையாளம்.

இன்றைய இஸகாயா, வேலை முடிந்தவர்கள் சாவகாசமாக உட்கார்ந்து பேசும் இடம். ஆளுக்கொரு முழுத்தட்டு என்ற கணக்கு இங்கே கிடையாது. சின்னச் சின்னத் தட்டுகள் மேசையின் நடுவில் வரும். எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவோம். ஒரு தட்டில் ஆளுக்கு இரண்டு மூன்று வாய்தான் இருக்கும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் எட்டு ஒன்பது தட்டு வந்து போகும். பருவத்துக்கு ஏற்ப அதில் சில மாறிக்கொண்டே இருக்கும்.

உட்கார்ந்ததும் முழுச் சாப்பாட்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியவர்கள் நாம். இங்கே அந்தப் பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

## எங்கே தேடுவது?

நம் பக்கத்தில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கொரியாவின் செல்வாக்கு அதிகம். 1996-இல் ஹூண்டாய் இந்தியாவில் நிறுவனம் தொடங்கி, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவை வெளியிட்டதிலிருந்தே அப்படி. ஒரகடம் பக்கம் ஜப்பான் வலுத்தது 2010-இல் ரெனோ–நிஸான் ஆலை திறந்ததற்குப் பிறகு. ஆலைகளோடு உதிரிபாக நிறுவனங்கள் வந்தன. அவற்றோடு பொறியாளர்கள் வந்தார்கள். அவர்களுக்காகத் தங்கும் விடுதிகளும் சமையலறைகளும் வந்தன.

ஆகவே தேட வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது, வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகளின் தரைத்தளத்தில் இருக்கும் உணவகங்கள். சில இடங்களில் விடுதியில் தங்குகிறவர்களுக்கு மட்டுமே உணவு. சில இடங்களில் வெளியாட்களும் போகலாம். இரண்டாவது, நெடுஞ்சாலையை ஒட்டிய தனி உணவகங்கள். மூன்றாவது, சென்னை நகரம். நுங்கம்பாக்கத்தில் ஜப்பானியர்களிடையே நெடுங்காலமாகப் பெயர்பெற்ற டாலியா போன்ற இடங்களும், நட்சத்திர விடுதிகளின் ஜப்பானிய உணவகங்களும் அங்கே உண்டு.

‘ஜப்பானிய உணவகம்’ என்று போட்டிருந்தாலே அது இஸகாயா ஆகிவிடாது. சுஷியும் ராமன் நூடுல்ஸும் மட்டும் விற்கிற கடை வேறு வகை. செல்போன் வரைபடத்தில் அந்தக் கடையின் மெனு படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்போம். எடமாமே, யாகிடோரி, ஹியயாக்கோ, கராகே, அகெதாஷி தோஃபு ஆகியவற்றில் குறைந்தது மூன்று இருந்தால் நாம் தேடும் இடம் அதுதான். படம் எந்தத் தேதியில் போடப்பட்டது என்றும் பாருங்கள். பழைய மெனுவில் பழைய விலைதான் இருக்கும்.

பிறகு ஒரு போன். ஐந்து கேள்விகள் போதும். வெளியாட்கள் வரலாமா? கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு? சைவம் என்னென்ன இருக்கிறது? ஒரு தட்டு சராசரியாக என்ன விலை? யுபிஐ உண்டா? மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே அடுப்பை அணைத்துவிடும் இடங்கள் உண்டு. முதல் ஷிப்ட் முடிந்து மூன்று மூன்றரை மணிக்கு நேராகப் போய் நிற்பவர்கள் இதை அவசியம் கேட்க வேண்டும்.

## யாரோடு, எப்போது?

நான்கு பேர். என் தீர்ப்பு இதுதான். இரண்டு பேர் போனால் ஐந்து தட்டிலேயே வயிறு நிறைந்துவிடும், பல ருசிகளைப் பார்க்க முடியாது. எட்டுப் பேர் போனால் ஒரு தட்டு ஆளுக்கு ஒரு வாய்கூட வராது. நான்கு பேர் என்றால் எல்லாமே சரியாகப் பங்கிடப்படும், செலவும் பிரியும்.

தனியாகப் போவதிலும் தவறில்லை. சமையல்காரருக்கு எதிரே நீளமான கவுன்டர் மேசை இருந்தால் அங்கே உட்காருங்கள். கரியில் கோழி வேகுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம்.

வார நாளில் மாலை ஏழு மணி நல்ல நேரம். கொலைப்பசியோடு மட்டும் போக வேண்டாம். சின்னத் தட்டுகள் ஒவ்வொன்றாகத்தான் வரும்; பசி முற்றியவர் பொறுமையிழந்து பதினைந்து தட்டு சொல்லிவிடுவார். ஐந்து மணிக்கு ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டிருந்தால் நிதானம் இருக்கும்.

## எவ்வளவு ஆகும்?

விலை இடத்துக்கு இடம் மாறும். ஆகவே கணக்குப் போடும் முறையைக் கற்றுக்கொள்வோம்; எந்தக் கடைக்கும் அது பொருந்தும்.

போனில் கேட்ட சராசரி விலை ₹400 என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு ஒன்பது தட்டு: ₹3,600. சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம்: ₹180. மொத்தம் ₹3,780, தலைக்கு ₹945. அறை வாடகை நாளொன்றுக்கு ₹7,500-க்கு மேல் போகும் விடுதிக்குள் இருக்கும் உணவகம் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதே ஒன்பது தட்டு ₹4,248 ஆகும், தலைக்கு ₹1,062. போக்குவரத்துச் செலவு தனி.

தட்டு எண்ணிக்கைக்கு ஒரு விதி: ஆள் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். இரண்டு பேருக்கு ஐந்து, மூன்று பேருக்கு ஏழு, நான்கு பேருக்கு ஒன்பது. இறுதியில் வரும் சோறோ நூடுல்ஸோ இதற்குள் அடக்கம்.

பட்ஜெட்டை உடைப்பது பெரும்பாலும் பச்சை மீன் தட்டுதான். இறக்குமதிச் சரக்கு என்பதால் மற்றத் தட்டுகளைவிட இரண்டு மூன்று மடங்கு விலை இருக்கலாம். அதைக் கேட்பதற்கு முன் விலையைப் பார்த்துவிடுங்கள்.

கையில் காசு குறைவா? மதிய வேளையில் போங்கள். தெய்ஷோகு என்ற செட் சாப்பாடு பல ஜப்பானிய உணவகங்களில் இருக்கும். சோறு, மிஸோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், ஊறுகாய், ஒரு பிரதான உணவு, எல்லாம் ஒரே விலையில். இஸகாயாவின் முழு அனுபவம் அதில் கிடைக்காது. ஆனாலும் அந்தச் சமையலறையின் கைப்பக்குவம் தெரிந்துவிடும். பிடித்திருந்தால் மாலையில் வரலாம்.

## உள்ளே நுழைந்ததும்

உட்கார்ந்ததும் ஈரத்துண்டு ஒன்று சுருட்டி வரும். பெயர் ஓஷிபோரி. கைகளைத் துடைக்க மட்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டாம். துடைத்ததும் மடித்துப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

சில இடங்களில் நாம் கேட்காமலேயே ஒரு சின்னக் கிண்ணம் வரும். ஊறவைத்த காய்கறியோ, வேகவைத்த கிழங்கோ ஏதோ ஒன்று. இதற்கு ஓத்தோஷி என்று பெயர். ஜப்பானில் இது உட்காரும் கட்டணம். தலைக்கு 300 முதல் 500 யென்வரை பில்லில் ஏறும். இங்கே அது இலவசமா, விலையுண்டா என்று வந்தவுடனேயே கேட்டுவிடலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பல இடங்களில் பரிமாறுகிறவர்கள் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். தமிழ் கொஞ்சம், ஆங்கிலம் கொஞ்சம், இந்தி கொஞ்சம் என்று பேச்சு ஓடும். அவர்களோடு இரண்டு வார்த்தை நல்லபடியாகப் பேசிப் பாருங்கள். மெனுவில் இல்லாத தகவல் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது.

## எப்படி ஆர்டர் செய்வது?

மாலையின் வெற்றி தோல்வி இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒன்பது தட்டையும் ஒரே நேரத்தில் சொல்லாதீர்கள். சொன்னால் எல்லாம் ஒன்றாக வந்து மேசை நிறையும். சூடானது ஆறும், குளிர்ந்தது சூடாகும். மூன்று சுற்றாகப் பிரிப்போம்.

முதல் சுற்று, குளிர்ந்ததும் லேசானதும். எடமாமே எளிய தொடக்கம். உப்பிட்டு வேகவைத்த இளம் சோயாக் காய். நம் பச்சை மொச்சையைப் போல உள்ளே இருக்கும் பருப்பை மட்டும் உதட்டால் உருவித் தின்றுவிட்டுத் தோலை ஒதுக்க வேண்டும். ஹியயாக்கோ என்பது குளிர்ந்த தோஃபு. மேலே துருவிய இஞ்சி, வெங்காயத்தாள், சோயா சாஸ். இவற்றோடு ஒரு ஊறுகாய்த் தட்டு அல்லது உருளைக்கிழங்கு சாலட். நால்வருக்கு மூன்று தட்டு போதும். இவை சீக்கிரம் வரும் என்பதால் பசியையும் ஆற்றும்.

இரண்டாம் சுற்று, நெருப்பும் எண்ணெயும். இஸகாயாவின் உயிர் இங்கேதான் என்று எனக்குப் படுகிறது. யாகிடோரி என்பது மூங்கில் குச்சியில் கோத்துக் கரியில் சுட்ட கோழி. மோமோ என்றால் தொடைக்கறி, நெகிமா என்றால் தொடைக்கறியும் வெங்காயத்தண்டும் மாறி மாறி, ட்ஸுகுனே என்றால் கொத்துக்கறி உருண்டை, கவா என்றால் தோல், ரெபா என்றால் ஈரல். ‘ஷியோவா, தாரேயா’ என்று கேட்பார்கள். ஷியோ என்றால் உப்பு மட்டும். தாரே என்றால் இனிப்பும் சோயாவும் கலந்த சாஸ். பாதி பாதி சொல்லுங்கள். முதலில் உப்பில் சுட்டதைச் சாப்பிடுங்கள். கோழி எவ்வளவு நல்லது என்று அதில்தான் தெரியும், தாரே எல்லாவற்றையும் மூடிவிடும்.

கூடவே கராகே. இஞ்சி, பூண்டு, சோயா சாஸில் ஊறவைத்து மாவு புரட்டிப் பொரித்த கோழி. எலுமிச்சையைப் பிழிந்தால் நம் நாக்குக்கு உடனே பழகிவிடும். சைவத்துக்கு நாஸு தெங்காகு கேளுங்கள்: இரண்டாகப் பிளந்து சுட்ட கத்தரிக்காய் மீது இனிப்பு மிஸோ தடவியது. கத்தரிக்காயோடு வளர்ந்த நமக்கு அது புதிய ருசியாகவும் இருக்கும், பழகியதாகவும் இருக்கும்.

மூன்றாம் சுற்றுக்கு முன் கொஞ்சம் நிறுத்துவோம். யார் இன்னும் பசியோடு இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்வோம். சவான்முஷி என்று ஒன்று உண்டு. முட்டையையும் சாற்றையும் கலந்து கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்தது. பார்க்க கேரமல் கஸ்டர்ட் மாதிரி தெரியும், இனிக்காது. கடைசியாகச் சோறு அல்லது நூடுல்ஸ். ஓனிகிரி என்ற சோற்று உருண்டை, சோற்றின் மேல் சூடான தேநீரோ சாறோ ஊற்றிய ஓச்சாஸுகே, வறுத்த உதோன். சோறு கடைசியில் வருவது நமக்குத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் முதலிலேயே சோற்றைக் கேட்டு வயிற்றை நிரப்பிக்கொண்டால் மற்றத் தட்டுகளுக்கு இடமிருக்காது.

எதைக் கேட்பது என்று குழம்பினால் ஜப்பானியச் சமையலின் ஐந்து முறைகளை நினைத்துக்கொள்ளுங்கள்: பச்சை, சுட்டது, பொரித்தது, சாற்றில் வேகவைத்தது, ஆவியில் வேகவைத்தது. ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு என்று எடுத்தால் ஆர்டர் தானாகச் சரியாக அமையும். இது தெரியாமல் போகிறவர்கள் ஐந்து தட்டும் பொரித்ததாகவே சொல்லிவிட்டு, திகட்டுகிறது என்பார்கள்.

## இன்றைக்கு என்ன வந்திருக்கிறது?

அச்சடித்த மெனுவைவிட, சுவரில் ஒட்டிய தாளும் கரும்பலகையும்தான் முக்கியம். அன்றைக்குச் சந்தையில் கிடைத்தது அதில்தான் இருக்கும். இல்லையென்றால் வாயால் கேட்போம்: ‘இந்த வாரம் புதுசா என்ன வந்திருக்கு?’

ஜப்பானியர்கள் பருவத்தைக் கண்டிப்பாகப் பார்க்கிறவர்கள். வசந்தத்தில் மூங்கில் குருத்து, கோடையில் குளிர்ந்த தோஃபுவும் கத்தரிக்காயும், இலையுதிர் காலத்தில் சன்மா மீனும் சர்க்கரைவள்ளியும், குளிர்காலத்தில் முள்ளங்கியும் மீன் உருண்டையும் சாற்றில் கிடந்து வேகும் ஓதென். உணவில் பருவத்தைப் போற்றும் அவர்களின் வழக்கம் உட்பட, வாஷோகு எனப்படும் ஜப்பானிய உணவு மரபு 2013-இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது.

ஒரகடத்துக்குச் சன்மாவும் மூங்கில் குருத்தும் அந்தந்த மாதத்தில் புதிதாக வந்து இறங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வருவது பெரும்பாலும் உறைநிலையில் வரும். எடமாமேகூட அப்படித்தான், வருடம் முழுவதும் ஒரே மாதிரி இருக்கும். ஆகவே நாம் பார்க்க வேண்டியது ஜப்பானின் பருவத்தை அல்ல, இந்தச் சமையலறை நம் ஊர்ப் பருவத்தை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதை. மார்கழி, தையில் முள்ளங்கியும் சர்க்கரைவள்ளியும் நன்றாக இருக்கும். முள்ளங்கியைச் சாற்றில் வேகவைத்த தட்டை அப்போது கேளுங்கள். வெயில் காலத்தில் வெண்டைக்காயை லேசாக வேகவைத்துக் குளிரவைத்துத் தருவார்கள். ஜப்பானியர்களும் அதை விரும்பிச் சாப்பிடுகிறவர்கள்தான்.

மீனுக்கு ஒரு தேதியை மனப்பாடம் செய்துகொள்வோம். தமிழகக் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாள்களில் காசிமேட்டிலேயே பெரிய மீன் வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும். ‘ஊர் மீன்’ என்று அந்த மாதங்களில் யாராவது பெருமையாகச் சொன்னால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கோழியும் காய்கறியும் சாப்பிட ஏற்ற காலம் அது.

## எப்படிச் சாப்பிடுவது?

குச்சி பிடிக்க வராவிட்டால் ஸ்பூனும் முள்கரண்டியும் கேளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். யாகிடோரியைக் குச்சியோடு கையில் பிடித்தே கடிக்கலாம். சுஷியையும் கையால் எடுக்கலாம்.

இரண்டே இரண்டு விஷயங்களில் மட்டும் கண்டிப்பாக இருப்போம். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி நிற்கவைக்கக் கூடாது. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றக் கூடாது. இரண்டும் அவர்களின் இறுதிச் சடங்கோடு தொடர்புடையவை. ஜப்பானிய மேலதிகாரியோடு போகும்போது இவை மறக்கக் கூடாதவை. அவருடைய கோப்பை காலியானால் நாம் ஊற்றுவதும், நம் கோப்பையை அவர் நிரப்புவதும் வழக்கம். சாப்பிடத் தொடங்கும்போது ‘இதாதகிமாஸ்’, முடித்ததும் ‘கோச்சிஸோசமா’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மலரும்.

சோயா சாஸைச் சோற்றில் ஊற்றாமல், சின்னத் தட்டில் கொஞ்சம் விட்டுத் தொட்டுக்கொள்வோம். காரமும் புளியும் எதிர்பார்த்துப் போனால் முதல் வாய் சப்பென்று இருக்கும். உடனே சில்லி சாஸ் கேட்காதீர்கள். மூன்றாவது தட்டு வரும்போது நாக்கு அந்த நிதானமான ருசியைப் பிடித்துக்கொள்ளும். அப்போதும் காரம் வேண்டுமென்றால் ஷிச்சிமி கேளுங்கள். மிளகாய், எள், ஆரஞ்சுத் தோல் எல்லாம் கலந்த பொடி. யாகிடோரி மேல் தூவினால் பிரமாதமாக இருக்கும்.

## குடிக்க என்ன?

தமிழ்நாட்டில் உணவகம் நினைத்தால் மது பரிமாறிவிட முடியாது, உரிமம் வேண்டும். அது பெரும்பாலும் நட்சத்திர விடுதிகளிடமும் கிளப்களிடமும்தான் இருக்கிறது. 21 வயது நிரம்பியிருக்கவும் வேண்டும். ஆகவே நம் பக்கத்துத் தனி உணவகங்களில் மது இல்லாத இஸகாயாதான். வெளியிலிருந்து பாட்டில் கொண்டுபோகும் யோசனையே வேண்டாம்.

இதனால் இழப்பு ஒன்றுமில்லை. ஜப்பானிலேயே குடிக்காதவர்கள் இஸகாயாவில் ஊலாங் தேநீர் வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருவார்கள். பச்சைத் தேநீர், வறுத்த பார்லியில் போட்ட முகிச்சா, எதுவும் இல்லையென்றால் லெமன் சோடா.

## சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க

காய்கறித் தட்டு என்பதால் அது சைவம் என்று நம்பிவிட வேண்டாம். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற சாறு. கொம்பு என்ற கடற்பாசியும், வேகவைத்து உலர்த்திச் சீவிய மீனும் சேர்ந்து அது உருவாகிறது. 1908-இல் இகெதா கிகுனாயே என்ற வேதியியலாளர் குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து உமாமி என்ற சுவைக்குப் பெயர் வைத்தது இந்தக் கொம்பு சாற்றிலிருந்துதான். மிஸோ சூப், பொரித்துச் சாறு ஊற்றிய அகெதாஷி தோஃபு, சவான்முஷி, நூடுல்ஸ் சாறு எல்லாவற்றிலும் பெரும்பாலும் மீன் இருக்கும். ஹியயாக்கோவின் மேலேயும் மீன் சீவலைத் தூவிவிடுவார்கள்.

‘வெஜ்ஜா?’ என்று மட்டும் கேட்டால் ஆமாம் என்ற பதில் வந்துவிடும். ‘சாறு எதில் போட்டது? மீன் சீவல் இல்லாமல் கொடுப்பீர்களா?’ என்று கேளுங்கள். கொம்பு மட்டும் போட்ட சாறும், ஷிடாகே காளான் சாறும் உண்டு. முன்கூட்டியே போனில் சொன்னால் செய்து வைப்பார்கள்.

பன்றிக்கறி தவிர்ப்பவர்கள் கியோஸா என்ற கொழுக்கட்டையையும் ராமன் சாற்றையும் விசாரிக்க வேண்டும். மது அறவே தொடாதவர்கள் சாஸ்களில் சேரும் மிரின், சாகே பற்றிக் கேட்க வேண்டும். சோயா சாஸில் கோதுமை உண்டு, உப்பும் அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொட்டுக்கொள்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

## எச்சரிக்கை: பச்சை மீன்

முதல் முறை போகும்போது பச்சை மீன் சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாப்பிடுவதென்றால் ஒரு கேள்வி: உறையவைத்த மீனா? ‘ஆமாம்’ என்றால் அது நல்ல பதில். மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் வைத்தால் மீனிலுள்ள ஒட்டுண்ணிகள் செத்துவிடும். ‘இன்று காலையில் பிடித்தது, ஃபிரிட்ஜில் வைக்கவே இல்லை’ என்ற பதில் பொரித்த மீனுக்குத்தான் பொருந்தும். நன்னீர் மீனைப் பச்சையாகத் தொட வேண்டாம். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் இந்தத் தட்டை விட்டுவிட வேண்டும்.

தட்டு வந்ததும் பாருங்கள். துண்டு இறுக்கமாகவும் பளபளப்பாகவும் இருக்க வேண்டும். மீன் கவிச்சி அடித்தால் திருப்பி அனுப்புங்கள்.

## ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனால்

அங்கே கொரிய உணவகத்துக்குள் நுழைந்தால் விதிகள் மாறும். பிரதான உணவு ஒன்றைச் சொன்னாலே பான்சான் என்ற சின்னக் கிண்ணங்கள் வரிசையாக வந்துவிடும்: கிம்ச்சி, முளைகட்டிய பயறு, கீரை, வறுத்த நெத்திலி. அவற்றுக்குத் தனி விலை கிடையாது. தீர்ந்தால் மறுபடி கேட்கலாம். இதனால் செலவுக் கணக்கு எளிது. நால்வருக்கு இரண்டு மூன்று பிரதான உணவு போதும்.

இங்கும் பருவம் உண்டு. கோடையில் வெள்ளரிக்காய்க் கிம்ச்சி, குளிர்காலத்துக்கு முட்டைக்கோசுக் கிம்ச்சி. குளிர் தொடங்கும்போது குடும்பமாகச் சேர்ந்து கிம்ச்சி போடும் கிம்ஜாங் வழக்கமும் 2013-இல்தான் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கிம்ச்சியில் மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ சேர்ப்பது வழக்கம் என்பதால் சைவர்கள் இங்கேயும் கேட்டே ஆக வேண்டும்.

சோற்றை ஸ்பூனால் சாப்பிடுவார்கள், கிண்ணத்தைக் கையில் தூக்க மாட்டார்கள். ஜப்பானியர்கள் தூக்குவார்கள். மூத்தவர் தொடங்கும்வரை காத்திருப்பது கொரிய மரியாதை.

## பில் வந்ததும்

மூன்று இடங்களைப் பாருங்கள். கேட்ட தட்டுகள் மட்டும் இருக்கின்றனவா? ஜிஎஸ்டி 5 சதவீதமா, 18 சதவீதமா? சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருக்கிறார்களா? சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவுறுத்தியது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேண்டாம் என்றால் எடுத்துவிடச் சொல்லலாம். எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண்ணும் பில்லில் இருக்க வேண்டும்.

ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. ஆனால் இங்கே பரிமாறுகிறவர்களில் பலர் வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்தவர்கள். நன்றாகக் கவனித்திருந்தால் அவர்கள் கையிலேயே ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

## வீடு திரும்பும்போது

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இரவில் கன்டெய்னர் லாரிகளும் கார் ஏற்றிச் செல்லும் டிரெய்லர்களும் வரிசையாக ஓடும். விடுதியில் மது அருந்தியிருந்தால் பைக்கைத் தொடவே வேண்டாம். ஒரகடத்திலிருந்து படப்பை சுமார் பத்து கிலோமீட்டர்தான். நால்வர் சேர்ந்து ஒரு டாக்சி பிடித்தால் தலைக்கு விழும் தொகை பெரிதாக இருக்காது. கடைசிப் பேருந்தை நம்புகிறவர்கள் அதன் நேரத்தைப் போகும்போதே விசாரித்து, மூன்றாம் சுற்றை அதற்கேற்ப முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் லைனில் ஜப்பானியப் பொறியாளர் யாராவது இருந்தால், இந்த ஊரில் அவர் எங்கே போய்ச் சாப்பிடுகிறார் என்று நாளைக்கே கேளுங்கள். எந்த வரைபடமும் காட்டாத சமையலறையை அவர் காட்டுவார். வெள்ளிக்கிழமைக்குள் போன் செய்து நால்வருக்கு ஒரு மேசை சொல்லிவிடுங்கள்.